புதுப்பிப்பு: டிரஸ்ட் எழுத வக்கீல் கிடைத்துவிட்டார்

தனியாகப் பணத்தைக் கையாள முடியாத என் தம்பிக்காகக் குடும்ப டிரஸ்ட் (சொத்தை ஒருவர் பொறுப்பில் வைத்து இன்னொருவர் நலனுக்காக நிர்வகிக்கும் ஏற்பாடு) அமைக்க வேண்டும், உள்ளூர் வக்கீலை எப்படித் தேடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டார். எங்கள் வீட்டுப் பத்திரத்தை எழுதிய வக்கீல், இது தன் துறை இல்லை என்று சொல்லி, உயில், டிரஸ்ட் மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் அனுப்பினார். அந்த நேர்மைக்கு நன்றி.

புதியவர் கட்டணம் பேசும் முன்பே, டிரஸ்ட் சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டியைப் பற்றிக் கேட்டது: “உங்களுக்குப் பிறகு டிரஸ்டி யார்? அவராலும் முடியாமல் போனால்?” இதைக் கேட்காத வக்கீல் வேண்டாம் என்பேன். அப்புறம், டிரஸ்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. வீட்டையும் வங்கிக் கணக்கையும் முறையாக டிரஸ்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றாத சொத்து அதற்குள் வராது. வீடு இருக்கும் இடத்தின் சட்டமும் பதிவு முறையும் தெரிந்தவர் என்பதால் இந்த வேலை அவருக்குச் சுலபம்.

மாற்று டிரஸ்டியாக இருக்க அக்கா சம்மதித்துவிட்டார். வரைவு அடுத்த வாரம் வருகிறது.