வீட்டுக்குள் எடுக்கும் முகப்படத்துக்குப் போலரைசர் தேவையா?

ராயபுரத்து லென்ஸ்:
வளைகாப்பு, நிச்சயதார்த்தம் போன்ற வீட்டு நிகழ்ச்சிகளைப் படமெடுப்பவர்கள் லென்ஸில் போலரைசர், அதாவது ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் சுழல் ஃபில்டர், மாட்டியே ஆகவேண்டும் என்பது என் கருத்து. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து வீடுகளில் கடலோர ஈரப்பதத்தால் முகம் ஓயாமல் வேர்த்துப் பளபளக்கிறது; மூக்குக்கண்ணாடி அணிந்தவர் என்றால் ட்யூப்லைட் அப்படியே அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இவற்றைப் பிறகு கணினியில் திருத்துவதைவிட, ஃபில்டரைச் சுற்றி அங்கேயே அடக்கிவிடுவது நல்லதல்லவா? அது வெளிப்புறக் காட்சிகளுக்கு மட்டுமே உரியது என்று பலரும் சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஒற்றியூர் வாசகன்:
நண்பரே, நீங்கள் சொல்லும் இரண்டு வேலையையும் அந்த ஃபில்டர் பெரும்பாலும் செய்வதில்லை. பளபளப்பு அடங்குவது ஃபில்டரைப் பொறுத்தது என்பதைவிட, ஒளி விழும் கோணத்தைப் பொறுத்தது. 1815-இல் டேவிட் புரூஸ்டர் வகுத்த விதிப்படி, தோலின் எண்ணெய்ப் படலம் போன்ற பரப்பில் ஒளி ஏறக்குறைய 55 பாகையில் பட்டுத் திரும்பும்போதுதான் அது முழுமையாக ஒரே தளத்தில் அதிர்கிறது; அப்போதுதான் போலரைசரால் அதை முழுதாகத் தடுக்க முடியும். அந்தக் கோணத்தைப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேமராவிலிருந்து 45 பாகை தள்ளி விளக்கை வைத்தால், நெற்றியில் பளபளக்கும் இடத்தில் ஒளி விழும் கோணம் அதில் பாதி, அதாவது 22.5 பாகைதான், அங்கே போலரைசரை எப்படிச் சுற்றினாலும் பளபளப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். 55 பாகை கிடைக்க வேண்டுமானால் விளக்கு 110 பாகை தள்ளி, அமர்ந்திருப்பவரின் தோளுக்குச் சற்றுப் பின்னால் போகவேண்டும். முகப்படத்துக்கு யார் அப்படி முதன்மை விளக்கு வைக்கிறார்கள்?

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலையும் சிறியதன்று. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளி போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). எஃப் 2.8, ஷட்டர் 1/125 என்று வைத்து ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600-இல் எடுக்கக்கூடிய அறையில், இரண்டு ஸ்டாப் போனால் 6400-க்கு ஏறவேண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடியில் விழும் ஒளிக்கு, அதன் காம்புகளைக் காதுக்கு மேல் சற்றுத் தூக்கிவிட்டாலே போதும்.

ராயபுரத்து லென்ஸ்:
முகத்தைப் பற்றிய கணக்கை மறுக்கவில்லை. ஆனால் படத்தில் இருப்பது முகம் மட்டுமா? எங்கள் பக்கத்து வீடுகளில் கூடம் நீளமாக, அகலம் குறைந்து இருக்கும். சுவரில் பாதி உயரத்துக்கு எனாமல் பெயின்ட், அதற்கு மேல் கண்ணாடி போட்ட சாமி படங்கள். வாசலில் நின்றுதான் எடுக்க முடியும் என்பதால் பக்கச் சுவர் சாய்வாகவே தெரிகிறது. கோடியில் உள்ள ஜன்னலின் ஒளி அதில் வெள்ளைத் திட்டாக விழுகிறது. உங்கள் 55 பாகைக்கு மிக நெருக்கமான கோணம் அங்கேதான் கிடைக்கிறது, அங்கே ஃபில்டர் உண்மையாகவே வேலை செய்கிறது. இடத்தை மாற்றி உட்கார வையுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். மாற்ற இடம் இருந்தால் நான் ஏன் வாசலில் நிற்கிறேன்?

பழைய வண்ணை ஒப்பனை:
அண்ணா, நான் மணப்பெண் அலங்காரம் செய்பவள். முகப் பளபளப்புக்கு எண்ணெய் ஒற்றும் தாளும் பவுடரும் இருக்கின்றன; அதற்காக ஒளியைப் பலியிட வேண்டியதில்லை. ஆனால் சில ஸ்டுடியோக்களில் விளக்குக்கு முன்னும் போலரைசிங் தாளை மாட்டி, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்பி எடுக்கிறார்கள். அந்தப் படங்களில் பளபளப்பு அறவே இல்லை என்பது உண்மைதான்; ஆனால் நான் மறைத்திருந்த மங்கு எனும் கருந்திட்டுகளும், பருத் தழும்பின் சிவப்பும் கூடுதலாகத் தெரிகின்றன. எம்.சி. ரோட்டில் பார்த்துப் பார்த்து எடுத்த பட்டுப்புடவையின் ஜரிகை கறுத்து, நகை பித்தளை போலக்கூட இல்லாமல் செத்துக் கிடக்கிறது. பெண்ணின் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

ஒற்றியூர் வாசகன்:
சகோதரி சொல்வது முற்றிலும் சரி. உலோகம் தன்மேல் விழும் ஒளியின் அதிர்வுத் தளத்தை ஏறத்தாழ அப்படியே வைத்துத் திருப்பி அனுப்புவதால், குறுக்காக நிற்கும் ஃபில்டர் அதை மொத்தமாகத் தடுத்துவிடுகிறது. கண்மணியில் விளக்கு மின்னும் புள்ளியும் அதே காரணத்தால் மறைந்து, பார்வை உயிரற்றுப் போகிறது. தோலுக்குள் புகுந்து சிதறி வரும் ஒளி மட்டுமே எஞ்சுவதால்தான் தோல் மருத்துவர்கள் இம்முறையை விரும்புகிறார்கள். வார்னிஷ் பூசிய ஓவியங்களை நகலெடுக்கவும் இது நல்லது. கல்யாண வீட்டுக்கு உகந்தது அன்று.

எனாமல் சுவர் விஷயத்தில் ராயபுரத்து நண்பரின் வாதம் எடுபடும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் "மாட்டியே ஆகவேண்டும்" என்று அவர் தொடங்கியதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

ராயபுரத்து லென்ஸ்:
தூரம் இருக்கட்டும் ஐயா, நான் படமெடுக்கும் வீடுகளில் முக்கால்வாசி எனாமல் சுவர் வீடுகள்தான். ஆகவே ஃபில்டர் என் பையிலிருந்து இறங்கப்போவதில்லை. குறுக்கு முறையை மட்டும் நகை போட்ட எவருக்கும் நான் பயன்படுத்த மாட்டேன். புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று: உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடியுள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருந்தால் சர்க்குலர் வகைப் போலரைசரையே வாங்குங்கள், லீனியர் வகை ஆட்டோஃபோகஸையும் ஒளி அளவையும் குழப்பிவிடும்; மிரர்லெஸ் கேமராவுக்கு அந்தக் கவலை இல்லை.