ஹாலோவீனுக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

"பேய்த் திருவிழாவாமே, வேடம் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள்" என்று பயந்து கேட்ட தங்கைக்கு: தாராளமாக அனுப்புங்கள். டொராண்டோ வந்த முதல் வருடம் நானும் இப்படிப் பயந்து, மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை அவன்.

இதில் பேய் வழிபாடு ஒன்றும் கிடையாது. பழைய அயர்லாந்தில் அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகளை ஊருக்கு ஓட்டிவந்து, குளிர்காலம் தொடங்கும் நாள் 'சௌவின்'. அன்று இரவு இறந்தவர்கள் உலவுவார்கள் என்பது நம்பிக்கை. பிற்பாடு நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாளானது. அதற்கு முந்தைய மாலை என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயருக்கே பொருள். நவம்பர் 2 அன்று நம் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் கும்பிடுகிறார்களே, அதுவும் இந்த வரிசையில் வருவதுதான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 1840-களின் பஞ்சத்துக்குப் பிழைத்துக் கப்பலேறி வந்தவர்களுக்கு இங்கே பரங்கிக்காய் கிடைத்தது, குடைவதும் சுலபம். திருஷ்டிப் பூசணிக்காயில் முகம் வரைகிற நமக்கு இதைப் பார்த்து என்ன பயம்?

பள்ளியில் நடப்பது நம் ஊர் மாறுவேடப் போட்டி மாதிரி இல்லை. பரிசு, வசனம் எதுவும் கிடையாது. வேடத்தோடு ஓர் ஊர்வலம், அவ்வளவுதான். முகமூடி, பொம்மைக் கத்தி, ரத்தச் சாயம் வேண்டாம் என்பார்கள். பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை ஒருமுறை நன்றாகப் படியுங்கள். வேடம் பிடிக்காவிட்டால் ஆரஞ்சு, கறுப்பு உடை போதும். வேர்க்கடலை மிட்டாய் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வாமை விஷயத்தில் இங்கே கண்டிப்பு அதிகம். ஒன்டாரியோவில் 2006 முதல் அதற்கென்றே சப்ரினா சட்டம் இருக்கிறது.

அப்புறம், வேடத்தை இரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள். சாயங்காலம் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போகும்போது குளிர் கோட்டுக்கு மேலே போட வேண்டும். மறு வருடம் என் மகனின் புலி வேடம் முழுவதும் கோட்டுக்குள் போய்விட்டது, வால் மட்டும்தான் வெளியே.

வாசல் விளக்கு எரிந்தால்தான் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டுவார்கள். 2024-இல் தீபாவளியும் அதே அக்டோபர் 31-தான். முறுக்குச் சுட்ட கையோடு ஒரு தட்டு நீட்டினேன், ஒருவரும் எடுக்கவில்லை. வீட்டில் செய்ததை இங்கே தொட மாட்டார்கள். பாக்கெட் மிட்டாயே வாங்கி வையுங்கள்.