தடை செய்வதா, தள்ளி வைப்பதா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

அலமாரிக்காரி:

பதினோரு வருடம் பொது நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். ஆபாசமான, மனதைப் புண்படுத்தும் புத்தகங்களையும் படங்களையும் அடியோடு தடை செய்ய வேண்டுமா, வயதும் இடமும் பார்த்துக் கட்டுப்படுத்தினால் போதுமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு ஒரு புத்தகம்தான் நினைவுக்கு வரும்.

பெண்களின் உடல்நலம் பற்றிய புத்தகம் அது. இரவல் போய்த் திரும்பி வந்தபோது கையில் எடுத்ததுமே மெலிந்திருந்தது தெரிந்தது. பிரித்தால் நடுவில் எட்டுப் பக்கங்களைக் காணோம். கிழித்த மாதிரி இல்லை. ஸ்கேல் வைத்துப் பிளேடால் நிதானமாக இழுத்திருந்தார்கள். தையல் ஓரத்தில் அரை விரல் அகலத்துக்குக் காகிதம் மட்டும் நின்றது. அதில் படங்களின் ஓரக் கோடுகள் தெரிந்தன. பருவமடைதல், கருத்தடை, பிரசவம் பற்றிய வரைபடங்கள் இருந்த பக்கங்கள். யாரோ ஒருவர் தனக்குப் பிடிக்காததை எல்லோருக்கும் சேர்த்து வெட்டிவிட்டுப் போயிருந்தார்.

"இனிமேல் இந்த மாதிரிப் புத்தகங்களைக் கவுண்டருக்குப் பின்னால் வையுங்கள். கேட்பவர்களுக்குக் கொடுங்கள்" என்றார் மேலதிகாரி. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தடை இல்லையே, கேட்டால் கிடைக்குமே. ஆனால் அதுவரை மாதத்துக்கு இரண்டு முறையாவது வெளியே போய்க்கொண்டிருந்த புத்தகத்தை அப்புறம் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நாள் பதினைந்து வயது இருக்கும், ஒரு பெண் வந்தாள். மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "அக்கா, அந்த..." என்று ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் வந்து நின்றார். "ஒன்றுமில்லை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் எழுந்து பின்னாலேயே போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அதனால் தடையை விடக் கட்டுப்பாடு மேல் என்பவர்கள் பக்கம்தான் நிற்கிறேன் என்றாலும், அந்தக் கட்டுப்பாடே சிலருக்கு முழுத் தடையாகிவிடுவதைக் கண்ணால் பார்த்தவள். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி:

ஃபிலிம் காலத்துத் திரையரங்கில் படம் ஓட்டியவன் நான். பிரதியைக் கையால் வெட்டி ஒட்டினால் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரியாது. விநாடிக்கு 24 கட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும். மூன்று விநாடிக் காட்சியை நீக்கினால் 72 கட்டங்கள் போகும். ஒலிப்பட்டையோ படத்தை விடச் சுமார் 20 கட்டங்கள் முன்னால் அச்சாகியிருக்கும். அதனால் ஒட்டு வரும் இடத்தில் முதலில் படம் குதிக்கும், ஒரு விநாடிக்குள் ஒலி தனியாகக் குதிக்கும். தூங்குகிறவனுக்குக்கூட இங்கே கத்திரி விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அரங்கமே கத்தும். இல்லாத அந்த மூன்று விநாடியில் இருந்ததை விட மோசமான ஒன்றை ஆளாளுக்குக் கற்பனை செய்துகொள்வார்கள். வெளியே போகும்போது படத்தின் கதையைப் பேச மாட்டார்கள், வெட்டுப்பட்டதைத்தான் பேசுவார்கள்.

வாசலில் நின்ற அனுபவமும் உண்டு. பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் வாங்கிய படம். ஒருவர் ஆறேழு வயதுப் பையனோடு வந்தார். "அவன் உள்ளே போனதும் தூங்கிடுவான் சார்" என்று கெஞ்சினார். நான் விடவில்லை. கோபமாகத் திட்டிவிட்டுப் போனார். அந்தப் படத்தில் ஒரு கழுத்தறுப்புக் காட்சி உண்டு. இருட்டறையில் அந்தச் சத்தத்துக்கு எந்தக் குழந்தை தூங்கும்? அந்த மறுப்புக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

அமெரிக்காவில் 1934 முதல் கண்டிப்பாக அமலில் இருந்த, படத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று சொன்ன ஹேஸ் விதிகள் போய் 1968-இல் வயதுவாரித் தர அடையாளங்கள் வந்தன. பிரிட்டனில் 1912-இல் தொடங்கிய திரைப்படத் தணிக்கை வாரியம் 1984-இல் பெயரில் இருந்த 'தணிக்கை'யை எடுத்துவிட்டு 'வகைப்படுத்தல்' என்று வைத்துக்கொண்டது. வெட்டு அதோடு நின்றுவிடவில்லை. ஆனாலும் படத்தை வெட்டுகிறவனும் வாசலில் வயது கேட்கிறவனும் ஒரே வேலையைச் செய்யவில்லை. இரண்டையும் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

கறுப்புக்கோட்டு:

நான் இளநிலை வழக்கறிஞராக இருந்தபோது ஒரு நாவல் மீது ஆபாச வழக்கு வந்தது. எதிர்த்தரப்பு கொண்டுவந்த பிரதியில் ஒன்பது இடங்களில் சிவப்பு மையால் கோடு. அந்த வரிகளை மட்டும் ஒருவர் உரக்கப் படித்தார். கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. நீதிபதி கையை நீட்டி, "புத்தகத்தைக் கொடுங்கள், முழுதும் படித்துவிட்டு வருகிறேன்" என்றார். இரண்டு வாரம் கழித்து வந்தபோது அந்த ஒன்பது இடமும் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையின் பகுதியாகத்தான் அவருக்குத் தெரிந்தது.

இதன் வேர் 1868-இல் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹிக்ளின் வழக்கில் வந்த அளவுகோல், எளிதில் கெட்டுப்போகக் கூடிய மனம் உள்ளவரை இந்த எழுத்து கெடுக்குமா என்று கேட்டது. எல்லோரிலும் பலவீனமான வாசகரை வைத்து எல்லோருக்கும் அளவெடுக்கிற முறை. 1957-இல் பட்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரியவர்கள் சிறுவர்களுக்கு ஏற்றதை மட்டுமே படிக்க வேண்டும் என்று ஆக்குவது பன்றியைச் சுட வீட்டையே கொளுத்துவது போல என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் ஹிக்ளினைக் கைவிட 2014 ஆனது.

எனக்கு மிகவும் பிடித்தது 1979-இல் பிரிட்டனில் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கை. வெறும் எழுத்துக்குத் தடையும் வேண்டாம், கட்டுப்பாடும் வேண்டாம். புண்படுத்தும் படங்களை 18 வயதுக்குக் குறைந்தவர்கள் நுழைய முடியாத கடைகளில் மட்டும் விற்கலாம். 16 வயதுக்கு உட்பட்டவர்களைப் பயன்படுத்தியோ, யாரையாவது உண்மையிலேயே காயப்படுத்தியோ எடுத்தவற்றுக்குத்தான் முழுத் தடை. அரசு அதை முழுதாக ஏற்கவில்லை. ஆனால் பார்ப்பவருக்கு அருவருப்பு வருகிறதா என்பதை விட, எடுக்கும்போது யாருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார்களே, கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இரவுப்பணி:

கறுப்புக்கோட்டு கடைசியாகச் சொன்னதைத் தினமும் பார்த்தவன் நான். ஒரு சமூகத் தளத்துக்காக, புகார் வந்த பதிவுகளைப் பார்த்து முடிவு சொல்லும் வேலை. படங்களை மங்கலாக்கி, நிறத்தை எடுத்துவிட்டுக் கருப்பு வெள்ளையில் காட்டும் வசதி எங்கள் திரையில் உண்டு. இரத்தம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கொஞ்சம் தாங்கலாம். வருகிற புகார்களில் பெரும்பகுதி ரசனைக் குறைவு, கெட்ட வார்த்தை, அரைகுறை உடை. அதற்கெல்லாம் ஒரு எச்சரிக்கைத் திரை போட்டால் போதும். பிடித்தவர் தட்டித் திறக்கட்டும், பிடிக்காதவர் கடந்து போகட்டும்.

ஒரு இரவு வந்த புகாரில் இரண்டே வரி. "மறுபடியும் வந்திருக்கிறது. நான் இன்று வேலைக்குப் போகவில்லை." ஒரு பெண்ணின் அந்தரங்க வீடியோ. முன்னாள் காதலன் ஏற்றியது. அதைப் பற்றி அவள் அனுப்பிய பதினேழாவது புகார் அது. எனக்கு முன்னால் பார்த்த யாரோ அதன் மீது '18 வயதுக்கு மேல்' என்ற பட்டையை ஒட்டிவிட்டு மூடியிருந்தார். அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. பார்க்கிறவனுக்கு வயது ஆகிவிட்டதா என்று விசாரித்திருக்கிறோம். படத்தில் இருப்பவள் சம்மதித்தாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆயிரம் பேர் பார்ப்பதும் பத்துப் பேர் பார்ப்பதும் அவளுக்கு ஒன்றுதான். அங்கே கட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அழிக்க வேண்டும், மறுபடி ஏறவிடக் கூடாது.

அதற்கு வழியும் இருக்கிறது. ஒரு படத்தைக் கணக்கிட்டு ஒரு கைரேகை போல ஒரு குறியீடாக்கி வைத்தால், அதே படம் மறுபடி ஏறும்போது பிடித்துவிடலாம். குழந்தைகளுக்கு நடந்த வன்கொடுமைப் படங்களைத் தடுக்க 2009-இல் மைக்ரோசாஃப்ட் ஃபோட்டோடிஎன்ஏ என்ற மென்பொருளை இப்படித்தான் உருவாக்கியது. 2021-இல் ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை பெரியவர்களுக்காக வந்தது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம் போனிலேயே குறியீடு உருவாகும், அது மட்டும்தான் வெளியே போகும். சேர்ந்துள்ள தளங்களில் அந்தப் படம் ஏறுவதைத் தடுக்கப் பார்ப்பார்கள். யாருக்காவது தேவைப்படும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டுபிள்ளைத்தாய்:

பிள்ளைகளுக்காக வீட்டு இணையத்தில் வடிகட்டி போட்டிருந்தேன். என் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த அன்று இரவு அதைப் பற்றித் தேடினேன். பக்கத்துக்குப் பக்கம் 'இந்த உள்ளடக்கம் தடுக்கப்பட்டது'. மார்பு என்ற சொல்லே அதற்கு ஆபாசம். அதே நேரம் பக்கத்து அறையில் மகன், நாலு பேர் சேர்ந்து ஒருவனை மிதிக்கிற வீடியோவைத் தடையே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். 1996-இலேயே ஏஓஎல் என்ற இணையச் சேவையில் இங்கிலாந்தின் ஸ்கந்தார்ப் ஊர்க்காரர்கள் கணக்குத் தொடங்க முடியாமல் போனதாம், ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வருகின்றன என்று. இத்தனை வருடம் கழித்து என் வீட்டிலும் அதே கதை.

வடிகட்டியை எடுக்கவில்லை. ஆனால் அன்று மகனோடு உட்கார்ந்து அந்த வீடியோவை நிறுத்தி, "கீழே கிடக்கிறவன் யாருடைய அண்ணனாக இருக்கும்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசினோம். இப்போது பிரிட்டனில் 2025 ஜூலை முதல் ஆபாசத் தளங்களுக்குள் போக வயதை நிரூபிக்க வேண்டும். நோக்கம் எனக்குச் சம்மதம்தான். ஆனால் ஒருவர் எதைப் பார்த்தார் என்பதும் அவருடைய அடையாள அட்டையும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. அது மட்டும் பயமாக இருக்கிறது.

அலமாரிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். கட்டுப்பாடு என்றாலே மென்மையானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பட்டை எப்படிப் பட்டிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

அந்தப் புத்தகத்துக்கு என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். மேலதிகாரியிடம் இரண்டு முறை பேசிப் புதுப் பிரதி வாங்கினோம். நிர்வாணப் புகைப்படத் தொகுப்புகளைப் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றினேன். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. உடல்நலப் புத்தகத்தை மட்டும் நூலக வகைப்பாட்டில் 613 என்ற அதன் எண்ணுக்கு உரிய இடத்திலேயே, யாரையும் கேட்காமல் எடுக்கிற மாதிரி வைத்தேன். அப்புறம் வாசகரே இரவலைப் பதிந்து எடுத்துப் போகும் இயந்திரமும் வந்தது. முதல் வாரமே புத்தகம் வெளியே போயிருந்தது. யார் எடுத்தார்கள் என்று நான் பதிவைத் திறந்து பார்க்கவில்லை.