கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாடு: 12 பேர், இரண்டு மேசை, வாழை இலை. அலங்காரத்துக்கு யோசனை வேண்டும்

பர்கூர் வீடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். 25-ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்கு 12 பேர் வருகிறார்கள், அதில் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். இருப்பது 6 அடி நீளத் தேக்கு மேசை ஒன்று, 4 அடி மடக்கு மேசை ஒன்று. இரண்டும் 3 அடி அகலம். தேக்கு மேசை 76 செ.மீ. உயரம், மடக்கு மேசை 74. ஒட்டிப் போட்டால் நடுவில் படி மாதிரி நிற்கிறது.

பெரியவர்கள் வாழை இலைதான் வேண்டும் என்கிறார்கள். பிரியாணி, கோழிக் குழம்பு, தயிர்ப் பச்சடி, பாயசம், கடைசியில் கேக். பிளாஸ்டிக் பூ, தெர்மாகோல் பனி எதுவும் வேண்டாம். ஓசூரிலிருந்தோ ராயக்கோட்டையிலிருந்தோ பூ எடுத்துவர ஆள் இருக்கிறது. துணி, பூ, மெழுகுவர்த்தி மூன்றுக்கும் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும். இன்னும் மூன்று வாரம் நேரம் இருக்கிறது.

தளி ரோடு

முதலில் உயரத்தைச் சரி செய்யுங்க, மற்றது எல்லாம் அதன் மேல்தான் நிற்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த கிரானைட் பட்டறையிலும் கழிவுத் துண்டு கிடக்கும். பாலிஷ் போட்ட பலகை பெரும்பாலும் 18 முதல் 20 மி.மீ. கனம், உங்களுக்குத் தேவையான 2 செ.மீ. கிட்டத்தட்ட அதுவே. உள்ளங்கை அளவில் நான்கு துண்டு வாங்கி மடக்கு மேசையின் கால்களுக்கு அடியில் வையுங்க. டைல்ஸ் தரையில் கிரானைட் வழுக்கும், அதனால் துண்டுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடணும். பிறகு இரண்டு மேசையின் பக்கத்துக் கால்களையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிடுங்க. யாராவது நாற்காலியை இழுக்கும்போது மேசை விலகி, நடுவில் இருக்கும் தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

இருக்கை கணக்கு உங்களுக்குச் சரியாக அமைகிறது. மொத்த நீளம் 305 செ.மீ., பக்கத்துக்கு 5 பேர் என்றால் ஆளுக்கு 61 செ.மீ. கை இடிக்காமல் சாப்பிட 60 போதும். முனைக்கு ஒருவர் சேர்த்தால் 12. மேசைகள் ஒட்டும் இடம் 183 செ.மீ.யில் வருகிறது, அது மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் சரியாக நடுவில். அதனால் மேசைக்கால் யார் முழங்காலுக்கும் இடைஞ்சல் இல்லை. பெரிய மேசையை எந்தப் பக்கம் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

துணிக்குக் கடையில் மேசை விரிப்பு தேட வேண்டாம். 8 முழ வேட்டி ஒன்று எடுங்க. 3.60 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம். உங்கள் மேசையில் போட்டால் முனைக்கு 27 செ.மீ., பக்கத்துக்கு 18 செ.மீ. தொங்கும். அதற்குமேல் தொங்கினால் மடியில் சிக்கும். கரை இரண்டு பக்கமும் நீளமாக இறங்கும். சிவப்புக் கரையோ ஜரிகைக் கரையோ இருந்தால் வேறு ஜோடனை துணிக்குத் தேவையே இல்லை. புது வேட்டி என்றால் ஒரு முறை அலசி, லேசாகக் கஞ்சி போட்டு, ஈரம் முழுதும் காய்வதற்குள் இஸ்திரி போடுங்க. சுருங்கினாலும் முனைக்கு ஒரு சாண் மிஞ்சும். அடியில் பழைய வெள்ளைப் போர்வை ஒன்று விரித்தால் மேசை சேரும் கோடு தெரியாது, டம்ளர் வைக்கும் சத்தமும் அடங்கும். ஜமுக்காளம் போடாதீங்க, அதன் பட்டை மெல்லிய வேட்டியில் நிழலாகத் தெரியும்.

இப்போது இலை. இதுதான் அலங்காரத்தின் அகலத்தைத் தீர்மானிக்கும். நுனி இலை சுமார் 45 செ.மீ. நீளம், 28–30 அகலம். எதிரெதிரே இரண்டு இலை போட்டால் 91 செ.மீ. மேசையில் நடுவில் மிஞ்சுவது 30 செ.மீ. மட்டும். அதில் 25 செ.மீ.க்குள் அலங்காரத்தை நிறுத்துங்க. நீளத்தில் முனைக்கு 40 செ.மீ. விட்டுவிட்டு, நடுவில் 225 செ.மீ. பட்டையாக ஓடட்டும். பிரியாணி குண்டானுக்கு மேசையில் இடமே இல்லை, தேடவும் வேண்டாம். இலைச் சாப்பாடு பின்னாலிருந்து பரிமாறுவது, சுவரோரம் ஒரு பெஞ்சு போடுங்க, கேக்கும் அங்கேயே இருக்கட்டும்.

ஒரு சிக்கல் இருக்கு. முனையில் உட்காருபவரின் 45 செ.மீ. இலை, பக்கத்து முதல் இருக்கைகளின் இலை மேல் ஏறும். அதனால் முனை இரண்டுக்கும் 30 செ.மீ. சின்ன இலை போட்டு, பிள்ளைகள் இருவரையும் அங்கே உட்கார வையுங்க. டம்ளர் எல்லாம் இலைக்கு இடப்பக்கம். வலது கை சாப்பாட்டில் இருக்கும், இடது கைதானே டம்ளரை எடுக்கும்.

பூக்கட்டு ஓசூர்

மேலே சொன்ன 225 செ.மீ.யை வைத்துச் சொல்கிறேன். ஒரே பெரிய பூக்கூடை வேண்டாம், எதிரில் இருப்பவர் முகம் மறையும். மேசையில் முழங்கையை ஊன்றி முஷ்டியை நிமிர்த்தினால் வரும் உயரத்தைப் பூ தாண்டக்கூடாது. 12 செ.மீ. வாய் உள்ள பித்தளைக் கிண்ணம் ஐந்து எடுத்து 45 செ.மீ.க்கு ஒன்றாக வையுங்க. கட்டு ரோஜா 20 காம்பு வரும், கிண்ணத்துக்கு 4 வீதம் ஒரு கட்டு சரியாகப் போதும். உடைவதற்குச் சேர்த்து இரண்டு கட்டு வாங்குங்க. அடியை மறைக்க உதிரிச் சாமந்தி கால் கிலோ. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்றாலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்காகக் கட்டு ரோஜாவுக்குக் கேட்பு கூடும், இரண்டு நாள் முன்பே சொல்லி வைக்கணும்.

24-ஆம் தேதி காலை, மொட்டு விரல் நுனியில் அழுத்தினால் கொஞ்சம் நெகிழும் பக்குவத்தில் எடுங்க. கல் மாதிரி இருக்கும் மொட்டு 25 இரவுக்குள் விரியாமலே தலை தொங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் காம்பின் அடியில் 2 செ.மீ. சாய்வாக, தண்ணீருக்குள் வைத்தே வெட்டுங்க. வெளியில் வெட்டினால் காம்புக்குள் காற்று ஏறி அடைத்துக்கொள்ளும், தலை சாய்வதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். தண்ணீரில் மூழ்கும் இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் ராத்திரி முழுக்க நிழலில் நிற்கட்டும். ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, கால் டீஸ்பூன் பிளீச். பிளீச் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டால் கிருமி பெருகித் தண்ணீர் கலங்கி, பூ சீக்கிரம் வாடும். தலை சாய்ந்த ரோஜாவை வீசாதீங்க. மறுபடி வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் முழுசாகப் படுக்க வைத்தால் பல பூ நிமிரும்.

ஜெர்பரா பூ எடுத்தால் முறை நேர்மாறு. அதன் காம்பு மெத்தென்று இருக்கும், ஆழத் தண்ணீரில் அழுகும். 5 செ.மீ. தண்ணீர் போதும்.

ஓயாசிஸ் நுரைக்கட்டி (பூக்காம்பு செருகும் கட்டி) போட நினைத்தால் தண்ணீரில் மிதக்க விட்டு அதுவாக மூழ்கட்டும், கையால் அமுக்கினால் நடுவில் காய்ந்தே இருக்கும். பிளாஸ்டிக் வேண்டாம் என்றவர்களுக்கு அதுவும் வேண்டாம், அது மக்காது. கோழிக் கூண்டுக்குப் போடும் கம்பி வலையை உருண்டையாகக் கசக்கிக் கிண்ணத்துக்குள் திணித்தால் காம்பு அழகாக நிற்கும், வருஷா வருஷம் உதவும். இல்லையென்றால் நம் ஊர் வழி: வாழை மரத் துண்டை ஒரு அடிக்கு அறுத்து, நீளவாக்கில் பிளந்து, தட்டைப் பக்கம் கீழே இருக்க வைத்து, ஸ்குரூ டிரைவரால் துளை போட்டுக் காம்பைச் செருகுவது. ஈரம் அதிலேயே இருக்கும். ஆனால் வாழைக் கறை வேட்டியில் பட்டால் போகவே போகாது, கட்டாயம் தாம்பாளத்தின் மேல் வையுங்க.

பச்சைக்குச் சவுக்குக் கொத்து எல்லோரும் கேட்பது. தண்ணீரில் இல்லாத சவுக்கு காய்ந்து இலையில், சோற்றில் உதிரும். அதைவிட சில்வர் ஓக் இலை நல்லது. அடிப்பக்கம் வெள்ளி நிறம், இரண்டு நாள் கிடந்தாலும் வடிவம் மாறாது, கிண்ணங்களுக்கு இடையே ஒன்றைத் திருப்பி ஒன்றை நேராகப் போட்டாலே விளக்கு வெளிச்சத்தில் பனி படிந்த மாதிரி இருக்கும். மல்லிகை, சம்பங்கி சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம், பிரியாணி வாசனையோடு சண்டை போடும். சரம் வேண்டும் என்றால் கனகாம்பரம், அதற்கு வாசனை கிடையாது.

ராகிக்காட்டு வாசி

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் முளைக்கப் போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதையே மேசைக்கும் கொண்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு சின்ன மண் குவளை, அதில் பசும்புல், புல்லில் ஈர்க்குச்சியில் செருகிய பெயர் அட்டை. எந்த இடம் யாருக்கு என்பதும் தெரிந்துவிடும், சாப்பிட்டபின் அவரவர் எடுத்துப்போகவும் ஆகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கு ராகியைவிடப் பொருத்தமான பச்சை வேறு இல்லை என்பது என் எண்ணம்.

டிசம்பர் 13 இரவு ராகியை ஊற வையுங்கள். 8 மணி நேரம் கழித்து வடித்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டி வைத்தால் ஒரு நாளில் வெள்ளை முனை தெரியும். ஓசூர், தளிக் குளிரில் ஒன்றரை நாள் ஆகலாம். 8 செ.மீ. வாய் உள்ள குவளையில் ஒரு விரல் ஆற்று மணல், மேலே இரண்டு விரல் தென்னைநார்க் கழிவு. முளைவிட்ட ராகி ஒரு டீஸ்பூன் ஒற்றை அடுக்காகப் பரப்பி, உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள், மண் போட்டு மூட வேண்டாம். 12 குவளைக்கு 60 கிராம் போதும், 15 குவளையாகப் போடுங்கள், இரண்டு மூன்று சரியாக வராது. தினம் இரண்டு முறை தெளிப்பான் போதும். சொம்பால் ஊற்றினால் விதை ஒரு பக்கம் ஒதுங்கி நடுவில் வழுக்கை விழும்.

இரண்டாம் மூன்றாம் நாள் வேரோரம் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரியும். பூஞ்சை என்று பயந்து கொட்டிவிடாதீர்கள், அது வேர்த்தூவி. தண்ணீர் தெளித்ததும் படிந்துவிடும். பூஞ்சை என்றால் சிலந்தி வலை போல விதைக்கு விதை தாவி நிற்கும், புளித்த வாடையும் வரும். அப்படி வந்தால் அந்தக் குவளையைத் தள்ளி வைத்து, மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறையுங்கள்.

முதல் இரண்டு நாள் நிழல், பிறகு காலை வெயில். இருட்டில் வைத்தால் மஞ்சளாக நீண்டு சாயும். ஜன்னலோரம் என்றால் தினம் அரைச்சுற்று திருப்புங்கள். பத்து நாளில் 4–5 செ.மீ. வரும். இன்னும் உயரம் வேண்டும் என்றால் கோதுமை: குவளைக்கு ஒரு மேசைக்கரண்டி, 15-ஆம் தேதி போட்டால் 12 செ.மீ.க்குக் குறையாது, கத்தரியால் சமமாக வெட்டி சிவப்பு நூல் சுற்றலாம். குவளையைப் பூக்கிண்ணத்துக்கு நேராக வைக்காமல் இடைவெளியில் வையுங்கள், நடுப்பட்டையின் அகலம் மீறாது.

பர்கூர் வீடு

வேட்டி யோசனை அருமை, ராகி கட்டாயம் போடுகிறோம். கூடத்தில் மின்விசிறி மேசைக்கு நேர் மேலே இருக்கிறது. 12 பேர் இருந்தால் நிறுத்தவும் முடியாது. மெழுகுவர்த்தி வைக்கலாமா? திருவருகைக் கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம்) வளையத்தின் மிச்ச மெழுகுவர்த்திகளும் இருக்கின்றன.

தருமபுரி அடுக்களை

நெட்டை மெழுகுவர்த்தியை விசிறிக்கு அடியில் வைக்காதீங்க. சுடர் ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கமே உருகி, மெழுகு வேட்டியில் வழியும். கனமான கண்ணாடி டம்ளர் நான்கு எடுங்க, கிண்ணங்களுக்கு இடையே ஒவ்வொன்று. அடியில் இரண்டு விரல் கல் உப்பு, அதன் மேல் கட்டை மெழுகுவர்த்தி. சுடர் டம்ளர் வாய்க்கு 4–5 செ.மீ. கீழே இருக்கணும். அதைவிட ஆழமாகவும் குறுகலாகவும் இருந்தால் காற்று போதாமல் கண்ணாடி கரி பிடிக்கும். கல் உப்பு பனி மாதிரி மின்னும், மெழுகுவர்த்தியையும் அசையாமல் பிடிக்கும். அதை அன்று சாயங்காலம்தான் கொட்டணும், முந்தின நாள் போட்டால் ஈரம் இழுத்துக் கசியும். பித்தளைக் கிண்ணத்தில் உப்பு போட வேண்டாம், பச்சை பிடிக்கும்.

பனிக்காகப் பஞ்சு வைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீங்க. பஞ்சு பிடித்தால் கண் இமைக்கும் நேரத்தில் மேசை முழுக்கப் பரவும். காய்ந்த சவுக்கும் அப்படித்தான்.

வளையத்தில் இருப்பது மூன்று ஊதா, ஒரு ரோஜா நிறம். அவை திருவருகைக் காலத்துக்கு உரியவை, கிறிஸ்து பிறப்பு அன்று வெள்ளைதான் பொருத்தம். வளையத்தைப் பெஞ்சில் கேக் பக்கத்தில் வைத்து, நடுவில் வெள்ளை ஒன்றை ஏற்றுங்க. மேசைக்கும் வெள்ளையே எடுங்க, வாசனை மெழுகுவர்த்தி வேண்டாம். சிந்தினால் இறுகவிட்டுக் கரண்டியால் சுரண்டி, மேலும் கீழும் அச்சில்லாத காகிதம் வைத்து மிதமான இஸ்திரி போட்டால் காகிதம் மெழுகை உறிஞ்சும். வண்ண மெழுகுவர்த்தி என்றால் மெழுகு போனாலும் சாயம் வேட்டியிலேயே நிற்கும்.

பூக்கட்டு ஓசூர்

பிள்ளைகள் இருப்பதால் ஒன்று சேர்க்கிறேன். சிவப்பு மணிக்காகச் சிலர் குன்றிமணி தூவுகிறார்கள். மென்றால் கடுமையான விஷம், மேசைக்கு ஆகவே ஆகாது. அரளி இலை, பூ, செங்காந்தள் இரண்டும் அப்படியே. சிவப்பு வேண்டும் என்றால் பிளந்த மாதுளை, காம்போடு குண்டு மிளகாய். மிளகாயைப் பிள்ளைகள் உட்காரும் முனையில் வைக்காதீங்க, தொட்ட கையோடு கண்ணைக் கசக்குவார்கள்.

தளி ரோடு

வேலை வரிசை: 24 இரவு மேசை, போர்வை, வேட்டி. 25 மாலை 4 மணிக்குப் பூ, 5 மணிக்குக் குவளையும் உப்பும். இலையைக் கடைசி அரை மணி நேரத்தில் துடைத்துப் போடுங்க, விசிறிக் காற்றில் முன்பே போட்டால் ஓரம் சுருளும். நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம். இலைக்கு அடியில் வெள்ளைக் காகிதச் சுருள் ஒன்று ஓடவிட்டால் குழம்பு வேட்டியில் இறங்காது. அப்படியும் மஞ்சள் பட்டால், சோப்புப் போட்டதும் சிவந்து தெரியும். கறை கூடிவிட்டது என்று தேய்க்காதீங்க, சோப்பின் காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். நன்றாக அலசி, ஈரத்தோடு வெயிலில் விரிங்க, இரண்டு மூன்று வெயிலில் வெளுத்துவிடும்.