டூயேயின் ஆறாவது தங்கம்: சிட்னியில் யாருடைய முதுகு பட்டது?

பாரிஸ்_கிழக்கு:
"பிரான்சின் ரினேருக்கு முன் ஹெவிவெயிட் ஜூடோ என்றால் ஜப்பானின் யமாஷிதா ஒருவர்தான்" என்று நேற்று இங்கே ஒருவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பிரான்சின் டேவிட் டூயே எங்கே போனார்? 1993 ஹாமில்டனில் உலகப் பட்டம். 1995இல் ஜப்பானின் சீபாவில், அவர்கள் வீட்டு முற்றத்திலேயே, ஒரே தொடரில் இரண்டு பட்டம். 1997 பாரிஸில் இன்னொன்று. ஒலிம்பிக்கில் அட்லாண்டா, சிட்னி என்று இரண்டு தங்கம். மொத்தம் 6. யமாஷிதாவுக்கு உலகப் பட்டம் நான்கு, ஒலிம்பிக் ஒன்று. மொத்தம் 5. அட்லாண்டாவில் வென்ற அதே ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டுக் கிடந்து, மறு ஆண்டே எழுந்து வந்து உலகப் பட்டம் வென்ற மனிதரைப் பெயர்கூடச் சொல்லாமல் விடுவது என்ன நியாயம்?

பழைய_தாதாமி:
அந்த ஆறில் ஒன்று இனாமாக வந்தது. 2000 செப்டம்பர் 22, சிட்னி இறுதி ஆட்டம். தொடங்கி ஒன்றரை நிமிடம் இருக்கும். உச்சிமாதா என்ற தொடை எறிதலைப் போட டூயே காலை உள்ளே வீசுகிறார். எதிரே நின்ற ஜப்பானின் ஷினோஹாரா தன் காலை விலக்கிக்கொள்கிறார். வீசிய கால் வெறும் காற்றில் போகிறது. அந்த வேகத்தையே பிடித்து ஷினோஹாரா அவரைச் சுழற்றுகிறார். டூயேயின் முதுகு தாதாமி விரிப்பில் படுகிறது. உச்சிமாதா சுகாஷி, அதாவது அந்த எறிதலுக்கு விலகிக்கொடுத்துத் திருப்பி எறிவது. இப்போன், ஆட்டத்தையே முடிக்கும் முழுப் புள்ளி. ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஷினோஹாரா வென்றுவிட்டதாகக் கையை உயர்த்தினார். ஓரத்து நடுவர் ஒருவரும் இப்போன் என்றே காட்டினார். ஆட்டத்தை நடத்திய நடுவரின் கை தலைக்கு மேல் போகவில்லை, பக்கவாட்டில் சரிந்தது. யூகோ, வெறும் சிறு புள்ளி! அதுவும் டூயேவுக்கு! மல்லாந்து விழுந்தவருக்குப் புள்ளி கொடுத்த கதையை வேறு எந்த விளையாட்டில் கேட்டிருக்கிறீர்கள்?

வேலூர்_ஆனந்தி:
முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாமே. பெரிய வீரர் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பட்டங்களின் எண்ணிக்கையா, தோற்காத ஆண்டுகளா, ஆடிய அழகா?

பாரிஸ்_கிழக்கு:
ஷினோஹாராவும் சேர்ந்துதான் விழுந்தார். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? மூன்று நடுவர்களில் இருவர் டூயே பக்கம் நின்றார்கள். பெரும்பான்மை முடிவு. அதற்குப் பிறகும் மூன்றரை நிமிடம் பாக்கி இருந்தது. அவ்வளவு பெரிய வீரர் அதற்குள் டூயேயைத் தூக்கிப் போட்டிருக்கலாமே, யார் தடுத்தார்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பழைய_தாதாமி:
முடிந்துபோன ஆட்டத்தில் மூன்றரை நிமிடம் எங்கிருந்து வந்தது, தம்பி? இப்போன் என்றால் ஆட்டம் அதோடு சரி. மாவட்டப் போட்டிகளில் பல வருடம் நடுவராக நின்றவன் நான். சுகாஷியில் எறிகிறவனும் நிலை தடுமாறிக் கூடவே விழுவது சகஜம். யார் கட்டுப்பாட்டில் யார் விழுந்தார் என்றுதான் நடுவர் பார்க்க வேண்டும். முதுகு யாருடையது? டூயேயுடையது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பாரிஸ்_கிழக்கு:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். எனக்கு 52 வயது. யமாஷிதா பற்றிய போன விவாதத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தீர்கள்.

பழைய_தாதாமி:
போன விவாதத்தில் பாதியில் எழுந்து போனவர் நீங்கள். சரி, ஐயா என்றே அழைக்கிறேன். ஐயா, முதுகு யாருடையது?

புள்ளிக்கணக்கு:
சர்வதேச ஜூடோ சம்மேளனம் பிறகு ஆராய்ந்து, டூயேவுக்கு யூகோ கொடுத்தது தவறு என்று ஒப்புக்கொண்டது. நடுவர்கள் களத்தை விட்டு இறங்கிய பிறகு முடிவை மாற்ற விதியில் இடமில்லை என்பதால் பதக்கம் அப்படியே நின்றது. ஜப்பான் அணியின் பயிற்சியாளராக அன்று எதிர்ப்புத் தெரிவித்தவர் வேறு யாருமல்ல, யமாஷிதாதான்.

பாரிஸ்_கிழக்கு:
யூகோ தவறு என்றால் இப்போன் சரி என்று ஆகிவிடுமா? இரண்டும் வேறு. ஷினோஹாராவே அன்று நடுவரைக் குறை சொல்லவில்லை. தான் பலவீனமாக இருந்ததால் தோற்றதாகச் சொன்னார். தோற்றவரே ஏற்றுக்கொண்டதை நீங்கள் ஏன் சுமக்கிறீர்கள்?

பழைய_தாதாமி:
அது அந்த மனிதரின் பெருந்தன்மை. மேடையில் அழுதுகொண்டு நின்றவர், அப்படியும் யார் மீதும் பழி போடவில்லை. அதை எடுத்து டூயேவுக்குச் சான்றிதழாக ஒட்டுகிறீர்களே, ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று. 1997 பாரிஸ் இறுதியையும் பேசுவோமா? அங்கும் இதே ஷினோஹாராதான் எதிரே நின்றார். டூயே அவரைத் தூக்கி எறிந்தா வென்றார்? அபராதங்களால் வென்றார், சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால். ஆக, உங்கள் ஆறில் இரண்டு ஆட்டம் காண்கிறது.

பாரிஸ்_கிழக்கு:
அபராதம் என்பது விதி. தாக்காமல் நின்றால் அபராதம் விழும். ஜப்பான்காரர் வாங்கினால் மட்டும் அநீதியா? பிறகு பயிற்சியாளராக வந்த உங்கள் ஷினோஹாரா 2012 லண்டனில் என்ன செய்தார்? ஜப்பான் ஆண்கள் அணி ஒரு தங்கம்கூட இல்லாமல் வீடு திரும்பியது.

வேலூர்_ஆனந்தி:
லண்டனுக்கும் டூயேவுக்கும் என்ன சம்பந்தம்? என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய_தாதாமி:
சம்பந்தம் இல்லைதான் அம்மா. முதுகைப் பற்றிக் கேட்டால் லண்டனுக்கு ஓடுகிறார். பெரிய வீரர் யார் என்று கேட்டீர்கள். யமாஷிதாவைப் பாருங்கள். 1977 முதல் 1985 வரை தொடர்ந்து ஒன்பது முறை அகில ஜப்பான் பட்டம். 203 ஆட்டங்களில் தோல்வியே இல்லாமல் ஓய்வு. 1980 மாஸ்கோவை ஜப்பான் புறக்கணித்ததால் ஒரு ஒலிம்பிக் அவர் கையிலிருந்து பறிபோனது. 1984 லாஸ் ஏஞ்சலஸில் வலது கெண்டைக்கால் தசை கிழிந்து, நொண்டிக்கொண்டே வந்து தங்கம் வென்றார். இவரோடு 6, 5 என்று விரல் மடக்கி எண்ணுகிறீர்கள்!

பாரிஸ்_கிழக்கு:
203 தொடர் வெற்றியில் சமனான ஆட்டங்களை ஏன் சொல்வதில்லை? லாஸ் ஏஞ்சலஸ் இறுதியில் எகிப்தின் ரஷ்வான் அந்தக் காலைக் குறிவைக்காமல் விட்டார் என்று உலகமே பேசுகிறது. அந்தத் தங்கம் இனாம் இல்லையா?

பழைய_தாதாமி:
ரஷ்வான் தாக்கினார், யமாஷிதா அவரைத் தரையில் அமுக்கிப் பிடித்து முடித்தார். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இப்போன். அங்கே யார் முதுகு தரையில் இருந்தது என்பதில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. சிட்னியில் ஏன் வந்தது?

புள்ளிக்கணக்கு:
ரஷ்வானுக்குத் தனியாக ஒரு விவாதம் திறக்கலாம்.

பாரிஸ்_கிழக்கு:
திறக்க வேண்டாம், அங்கும் இவர் வந்து முதுகைத்தான் கேட்பார். சிட்னியில் பிரான்சின் கொடியைச் சுமந்து நடந்தவர் டூயே. பின்னாளில் நாட்டின் விளையாட்டு அமைச்சரானார். இங்கே எங்கள் புறநகர்ச் சங்கத்தில் என் மகன் வெள்ளைப் பட்டை கட்டப் பழகியதே அவரைப் பார்த்துத்தான்.

பழைய_தாதாமி:
அமைச்சர் பதவியும் கொடியும் தாதாமியில் புள்ளி ஆகாது. உங்கள் மகன் நன்றாக வரட்டும். அவனிடமே அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். கால் காற்றில் போன இடத்திலிருந்து தொடங்குங்கள். யாருடைய முதுகு என்று அவன் சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன்.

பாரிஸ்_கிழக்கு:
காட்டிவிட்டேன். இருவரும் விழுந்தார்கள் என்கிறான்.

பழைய_தாதாமி:
முதலில் விழுந்தது யார் என்று கேளுங்கள்.