சி.டி.எச்.1 மரபணு: கருவுக்கு இன்றியமையாதது என்றால், பழுதுடன் பிறப்பவர்கள் நலமாக வளர்வது எப்படி?

கேள்வி (முதுகலை மாணவி):
சி.டி.எச்.1 மரபணு தரும், செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதம் இல்லாத எலிக் கருக்கள் கருப்பையில் பதியும் கட்டத்தைத் தாண்டுவதில்லை என்று படித்தேன். அதே மரபணுவில் பிறவிப் பழுதுள்ள மனிதர்களோ பெரும்பாலும் இயல்பாக வளர்ந்து, பின்னாளில் இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்?

மறுமொழி 1:
அந்த எலிகளில் மரபணுவின் இரு பிரதிகளும் நீக்கப்பட்டிருந்தன. நீங்கள் சொல்லும் மனிதர்களிடம் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. எலிக் கருவில் எட்டு செல்கள் ஆனதும், அதுவரை தளர்வாக நின்றவை நெருங்கி இறுகுகின்றன. ஈ-கேட்ஹெரின் தரும் இப்பிடிப்புக்குக் கால்சியம் தேவை. அதை நீக்கினால் செல்கள் மீண்டும் விலகிவிடும். சுவையான செய்தி என்னவென்றால், மரபணு அற்ற கருவும் தாயின் முட்டையில் மிஞ்சிய புரதத்தைக் கொண்டு ஒருமுறை இறுகிவிடுகிறது. அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் வெளியடுக்கை அமைக்க முடியாமல் அழிகிறது.

மறுமொழி 2:
நோய்ப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் பல தலைமுறைகளாகத் தொடர்ந்த இரைப்பைப் புற்றுநோய்க்கு இம்மரபணுவே காரணம் என்று 1998இல் கண்டறியப்பட்டது. பழுதான பிரதி ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. இரைப்பையின் ஏதோவொரு செல்லில் நல்ல பிரதியும் செயலிழக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பல வேளைகளில் அப்பிரதி அறுபடுவதில்லை, அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் குழுக்கள் என்னும் சிறு வேதி அடையாளங்கள் ஒட்டி அதை வாயடைத்துவிடுகின்றன. பிடிப்பிழந்த செல்கள் கட்டியாகத் திரளாமல் தனித்தனியே சுவருக்குள் பரவுவதால், எண்டோஸ்கோப்பியில் இரைப்பை நலமாகவே தெரியக்கூடும். அதனால்தான் நோய் வெளிப்படும் முன்பே இரைப்பையை முழுவதும் அகற்றிக்கொள்ளும் கடினமான யோசனை இக்குடும்பங்களிடம் முன்வைக்கப்படுகிறது. பெண்களுக்கு லோபுலார் (பால் சுரப்பு மடல் சார்ந்த) வகை மார்பகப் புற்றுநோய் அபாயமும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால், ஈ-கேட்ஹெரினை இழந்தால்தான் புற்றுநோய் பரவும் என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
அவ்வாறு பொதுமைப்படுத்துவது பிழை. கரு வளர்ச்சியில் ஸ்னெயில் என்னும் புரதம் இம்மரபணுவை அடக்கி, செல்களை இடம்பெயரச் செய்கிறது. அதைப் பார்த்தே அந்த எண்ணம் வேரூன்றியது. ஆனால் மார்பகத்தின் டக்டல் (பால் நாளம் சார்ந்த) வகைப் புற்றுநோய்கள் பெரும்பாலும் ஈ-கேட்ஹெரினை வைத்துக்கொண்டே பரவுகின்றன. எலி மாதிரிகளில் அதை நீக்கியபோது செல்கள் எளிதாக உதிர்ந்தன, ஆனால் உதிர்ந்தவற்றில் பல மடிந்தன, தொலைவில் புதிய கட்டிகள் குறைந்தன.