முட்டி ஆபரேஷனா, மொட்டைக் கத்தியா? எம்.ஆர்.எஸ்.ஏ. பற்றி ஒரு வாக்குவாதம்

கோவிலூரான்:
காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "எந்த மருந்துக்கும் அடங்காத ஸ்டாஃப் கிருமி ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, முட்டி மாற்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள்." எந்த மருந்துக்கும் அடங்காது என்பது பொய். வேன்கோமைசினும் லினசோலிடும் இன்றும் கேட்கின்றன. ஆனால் பயத்தின் திசை சரி என்பேன். மெத்திசிலின் என்ற ஆண்டிபயாட்டிக் வந்த கொஞ்ச காலத்திலேயே, 1961-ல், அதற்கு அடங்காத ஸ்டாஃப் ஆரியஸ் கிருமி (இதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ.) இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது. நம் நாட்டு ஐ.சி.எம்.ஆர். கண்காணிப்பில் சோதித்த ஆரியஸ் கிருமிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் எம்.ஆர்.எஸ்.ஏ. இது ஆஸ்பத்திரி கொடுக்கும் வியாதி. ஒரே துண்டு, ஒரே சோப்பு என்று வீட்டு ஆட்களைக் குறை சொல்வது பிரச்சினையைத் திசை திருப்புவது.

லேப்காரன்:
அந்த நாற்பதை எங்கே எடுத்தார்கள் என்று பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரி ஆய்வகங்களுக்கு வந்த மாதிரிகளில். அங்கே போய்ச் சேருவது பெரும்பாலும் இரண்டு மூன்று மாத்திரை மாற்றியும் ஆறாத கேஸ்கள். அதை வைத்து ஊருக்கு விகிதம் போட முடியாது. மூக்கில் ஆரியஸ் சுமப்பவர்கள் பத்துக்கு மூன்று பேர் இருப்பார்கள், அதில் எம்.ஆர்.எஸ்.ஏ. சிறு பங்குதான்.

இன்னொன்று. எம்.ஆர்.எஸ்.ஏ.வில் எஸ்.டி. 772 என்றொரு வகை உண்டு, "வங்காள விரிகுடா" வகை என்பார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றி, வார்டுக்கு வெளியே தோல்கட்டி தோல்கட்டியாகப் பரவியது. பி.வி.எல். என்ற நஞ்சை உண்டாக்கும். பல மருந்துகளுக்கும் அடங்காது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவருக்கும் இது வரும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம் வழியாகப் பழநி நடப்பவர்களின் பாதத்தைப் பாருங்கள். கொப்புளம், வழியெல்லாம் கூட்டம், ஒரே துண்டில் நாலு பேர். கிருமிக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

கண்டாங்கி:
லேப்காரன் அண்ணே, தோல்கட்டி வந்தவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். இரத்தத்துக்குள் போனால்தான் ஆள் போவது, அதற்கு வழி திறப்பது ஊசியும், நரம்பில் பொருத்தி வைக்கும் கேனுலாக் குழாயும். அதனால் கோவிலூரான் பக்கம் நான் பாதி.

நர்சிங் ஹோம்களில் எங்கே சறுக்குகிறது என்று சொல்கிறேன். சலைன் பாட்டில் ரப்பரில் ஒரு ஊசியைக் குத்தி அப்படியே விட்டு, நாள் முழுக்க அதிலிருந்தே மருந்து கலக்க உறிஞ்சுவது. பாட்டிலுக்குள் கிருமி நுழைய அது நிரந்தர வாசல். கேனுலா போடுமுன் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஈரத்திலேயே குத்துவது. 2% குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட் என்றால் 30 வினாடி தேய்த்து, தானாக உலரவிட வேண்டும். துடைத்த இடத்தில் நரம்பு தேட மறுபடி விரல் வைத்தால் அத்தனையும் வீண். கேனுலாவில் மருந்து ஏற்றும் வாயை 15 வினாடி அழுத்தித் தேய்க்க வேண்டும். போட்ட தேதி பிளாஸ்திரியில் இருக்க வேண்டும். சிவந்தாலோ, வலித்தாலோ, நரம்பு கயிறாகக் கெட்டித்தாலோ அன்றைக்கே கழற்றணும். "இருக்கட்டும், தேவைப்படும்" என்று விட்டுவைக்கும் கேனுலாதான் ஆபத்து.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி பிளேடால் மழிப்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இரவெல்லாம் கிருமி பெருகும். முடி இடைஞ்சல் என்றால் மட்டும் கிளிப்பர், அதுவும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கிளம்பும் நேரத்தில்.

கோவிலூரான்:
அதைத்தான் சொல்கிறேன், அக்கா. இத்தனை ஓட்டை இருக்கிற இடத்தில் செயற்கை மூட்டை எப்படி வைப்பது? நம் ஊர்ப் புழுதிக்கு ஆபரேஷன் முடிந்தும் 5 நாள் ஆண்டிபயாட்டிக் கொடுத்தால்தானே பாதுகாப்பு?

கண்டாங்கி:
இல்லை. புழுதி அல்ல, கைதான் கொண்டுவருகிறது. தோலைக் கீறும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. செஃபசோலின் 2 கிராம், கீறுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள். எம்.ஆர்.எஸ்.ஏ. சுமப்பவர் என்று தெரிந்தால் வேன்கோமைசின். அதை 120 நிமிடத்துக்குள் தொடங்கி, கிராமுக்கு ஒரு மணி நேரம் வீதம் மெதுவாக விட வேண்டும், வேகமாக விட்டால் உடம்பெல்லாம் சிவந்து அரிக்கும். தையல் போட்ட பிறகு மருந்தை நீட்டுவதால் சீழ் குறைவதில்லை என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அதை வேண்டாம் என்றது. அந்த 5 நாளில் அடங்கும் கிருமி சாகும், அடங்காதது இடம் பிடிக்கும். சர்க்கரையை 200-க்குக் கீழே வைத்திருப்பது அந்த 5 நாள் மாத்திரையைவிட மேல்.

செக்காலை மருந்துக்கடை:
நீங்க ரெண்டு பேரும் தியேட்டருக்கும் பாதயாத்திரைக்கும் நடுவுல கடையை மறந்துட்டீங்க. சீழ்க்கட்டின்னு வந்து, "போன தடவை தந்தீங்களே, அந்த செஃபிக்ஸிம் 200 குடுங்க"ன்னு கேக்குறாங்க. செஃபிக்ஸிம் சாதாரண ஸ்டாஃபுக்கே சரியா வேலை செய்யாது, எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்குக் கேக்கவே வேணாம். 2014 மார்ச்சுலேருந்து அது ஹெச்-1 அட்டவணையில, அதாவது கணக்கு எழுதி விக்க வேண்டிய மருந்துப் பட்டியல்ல இருக்கு. டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரை எல்லாம் தனி நோட்டுல எழுதி 3 வருஷம் வெச்சிருக்கணும். எத்தனை கடையில அந்த நோட்டு இருக்கு?

லேப்காரன்:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். கட்டிக்கு முதல் வைத்தியம் மாத்திரையே இல்லை, கீறிச் சீழை எடுப்பது. எடுத்த சீழை எறியாமல் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்புங்கள். சிரிஞ்சில் உறிஞ்சியது நல்லது. மேலே பஞ்சால் துடைத்து எடுத்தால் தோலில் சும்மா இருக்கும் கிருமிதான் வளரும். காரைக்குடியில் வசதி இல்லாத ஆய்வகம் என்றால் சிவகங்கை, மதுரை. முடிவு வர இரண்டு மூன்று நாள்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது செஃபாக்சிட்டின் வரி. 30 மைக்ரோகிராம் மருந்து வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தின் விட்டம் 21 மில்லிமீட்டர் அல்லது குறைவு என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ., 22 அல்லது அதற்கு மேல் என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ. இல்லை. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று போட்டுவிட்டு கீழேயே "அமாக்ஸிக்ளாவ் கேட்கும்" என்று எழுதியிருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள். மெக்-ஏ மரபணு கிருமியின் சுவர் கட்டும் புரதத்தையே மாற்றிவிடுகிறது, வழக்கமான பெனிசிலின் வகையும் செஃப் வகையும் அதில் ஒட்டாது. கிளிண்டாமைசின் எழுதியிருந்தால் டி-டெஸ்ட் (அந்த மருந்துக்கு மறைந்திருக்கும் எதிர்ப்பைக் காட்டும் சோதனை) செய்தார்களா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் மருந்து பாதியில் கைவிடலாம். வேன்கோமைசினை வட்டு வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

கோவிலூரான்:
அப்படியானால் ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் மூக்கில் சோதித்து, மூபிரோசின் என்ற ஆண்டிபயாட்டிக் களிம்பு போட்டுவிட்டால் முடிந்ததே?

கண்டாங்கி:
எல்லோருக்கும் வேண்டாம். மூட்டு, இதய ஆபரேஷன்; மூக்கில் ஆரியஸ் இருப்பது உறுதியானவர்கள். 2% களிம்பு, இரண்டு துவாரத்திலும், நாளைக்கு இரண்டு வேளை, 5 நாள். கூடவே குளோர்ஹெக்சிடின் குளியல்.

லேப்காரன்:
நான் அதிலும் தயங்குவேன். இங்கே மூபிரோசின் டியூப் சிரங்குக்கும் கொசுக்கடிக்கும் தடவப்படுகிறது. இப்படியே போனால் அதற்கும் அடங்காத கிருமிதான் மிஞ்சும். அப்புறம் உங்கள் மூட்டு நோயாளிக்கு எதைப் போடுவீர்கள்?

செக்காலை மருந்துக்கடை:
பாதயாத்திரை கேம்ப் போடுறவங்களுக்கு நேரா சொல்லுங்க. ஒரே ஊசியை நெருப்புல காட்டிக் காட்டி இருபது பேர் கொப்புளத்தைக் குத்துறாங்க.

லேப்காரன்:
சின்னக் கொப்புளத்தைத் தொடவே வேண்டாம், பஞ்சு வைத்துக் கட்டினால் போதும். நடக்க முடியாத அளவு பெரிது என்றால் ஆளுக்கொரு புது டிஸ்போசபிள் ஊசி, ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடித்து, மேல்தோலை உரிக்காமல் கட்டு. ஒருவர் காலிலிருந்து அடுத்தவர் காலுக்குப் போகுமுன் கையில் சானிடைசர், 20 முதல் 30 வினாடி. எம்.ஆர்.எஸ்.ஏ. மருந்துக்குத்தான் அடங்காது, ஸ்பிரிட்டுக்குச் சாகும். மஞ்சள், வேப்பிலை அரைத்துத் திறந்த புண்ணில் அப்ப வேண்டாம், அம்மிக் கல்லில் இருப்பதெல்லாம் உள்ளே போகும். மொட்டைக்கு பிளேடை கண் முன்னால் உறையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கத்திப் பிடியை யாரும் நினைப்பதில்லை, அதையும் துடைக்கச் சொல்லுங்கள்.

கண்டாங்கி:
கேம்ப் மேசைக்கு பிளீச்சிங் பவுடர், லிட்டருக்கு 30 கிராம். முதலில் அழுக்கைக் கழுவி, பிறகு ஊற்றி 10 நிமிடம் விடணும்; தினம் புதிதாகக் கரைக்கணும். இரும்புச் சாமானில் ஊற்றாதீர்கள், அரித்துவிடும். சர்க்கரைக்காரர் காலில் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ கேம்பில் கட்டுப் போட்டு நடக்க விடாதீர்கள், வண்டி ஏற்றி அனுப்புங்கள். மூபிரோசின் விஷயத்தில் அண்ணன் சொல்வதை நான் இன்னும் ஏற்கவில்லை. கொசுக்கடிக்குக் கடையில் விற்பதை நிறுத்தாமல் மூட்டு நோயாளியின் மூக்கில் போடுவதை நிறுத்துவது என்ன நியாயம்?

செக்காலை மருந்துக்கடை:
அது என்னைப் பார்த்து வந்த கேள்விதான், அக்கா. அந்தக் களிம்பு ஹெச்-1 அட்டவணையில் இல்லை. இருந்தா நோட்டுல எழுதியாவது குடுத்திருப்போம்.